பட்டாணி சொல்லும் பாடம்

கல்வியின் பயன் எதைக் கற்பிக்கிறோம் என்பதில் மட்டும் அடங்கியதன்று. எதை முன்னர்க் கற்பிப்பது, எதைப் பின்னர்க் கற்பிப்பது என்னும் வரிசையிலும் அது அடங்கியுள்ளது. ஸர்பும் நஹ்வும் அறியாத மாணவனின் கையில் தஃப்ஸீர் நூலைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதை மதரஸாவில் ஓதியவர் அனைவரும் அறிவர். சொற்கள் அவன் கண்ணில் படும், பொருள் படாது. படாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக் கொள்வான். பிறகு அக்கற்பனையையே நூலின் கருத்தென்று வாதிடுவான். இவ்விதி மார்க்கக் கல்விக்கு மட்டும் உரியதன்று. அறிவியல் கல்விக்கும் முற்றிலும் பொருந்துவதாகும்.

பத்து, பன்னிரண்டு வயதை எட்டிய நம் பிள்ளைகள் இன்று டார்வின், மரபணு, பரிணாமம் என்னும் சொற்களைப் பள்ளியிலோ வெளியிலோ கேட்டுவிடுகின்றனர். கேட்டு வந்து வீட்டில் வினவுகின்றனர். அப்பொழுது நம் இல்லங்களில் இரண்டு குரல்கள் எழுவதைக் காண்கிறோம். ஒரு குரல், "அந்தப் பாடமே வேண்டாம், குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பார்கள்" என்று தடுக்கிறது. மற்றொரு குரல், "இவையெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கூறியவைதாம்" என்று பெருமை கொள்கிறது. முதற்குரல் அச்சத்தில் பிறந்தது; இரண்டாவது அவசரத்தில் பிறந்தது. இரண்டுமே பிள்ளையின் வினாவிற்கு விடை அளிப்பதில்லை.

விடை எங்கே இருக்கிறது? வரலாற்றில் இருக்கிறது. டார்வினின் கருத்து முஸ்லிம் உலகினுள் நுழைந்த வரலாற்றை நோக்கினால், ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். மரபியலை அறியாமல் இயற்கைத் தேர்வைக் கேட்டவர்கள், அவர்கள் எத்துணைப் பேரறிஞராயினும், அதனைத் தவறாகவே விளங்கிக் கொண்டனர். எனவே மரபியல் முன்னும் இயற்கைத் தேர்வு பின்னுமாகக் கற்பிப்பதே முறை என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

ஹைதராபாத்தில் எழுந்த வினா

1881-ஆம் ஆண்டு. ஹைதராபாத் நகரில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் ஆப்கானி அவர்கள் பார்ஸி மொழியில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்கள். இயற்கையையே முதலாகக் கொண்டு இறைவனை மறுப்போரைக் கண்டிப்பது அந்நூலின் நோக்கம். அதனை அவர்களுடைய மாணவர் ஷைகு முஹம்மது அப்துஹு அவர்கள் 1886-இல் அரபு மொழியில் பெயர்த்தார்கள். அதன்பின் அது அரபுலகெங்கும் பரவியது.

அந்நூலில் டார்வினுக்கு எதிரான சில வாதங்கள் இடம் பெற்றுள்ளன. டார்வின் கூறுவது உண்மையானால், நூற்றாண்டுகள் கழியக் கழியக் கொசு யானையாகலாம், யானை கொசுவாகலாம் என்றாகுமே என்பது ஒன்று. மற்றொன்று நம் கவனத்திற்குப் பெரிதும் உரியது. நாய்களின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி வந்தால், முடிவில் வாலில்லாத நாய்கள் பிறக்கும் என்று டார்வின் கூறுவதாக ஆப்கானி அவர்கள் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு வினவுகிறார்கள்: யூதரும் அரபியரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கத்னா செய்து வருகின்றனரே, இன்றுவரை அவர்களுடைய குழந்தைகள் கத்னா செய்யப்பட்ட நிலையில் பிறக்கவில்லையே, ஏன்?

நேயர்கள் புன்னகை பூக்கலாம். ஆயினும் இது மிக நல்ல வினா. அறிவியலுக்கு அன்று மிகவும் தேவையாயிருந்த வினாவும் இதுவே. பெற்றோர் தம் வாழ்நாளில் அடைந்த மாற்றம் பிள்ளைக்குச் செல்லுமா, செல்லாதா என்பதே இதன் உட்பொருள். நம் பாட்டிமார் அலிக்கத்து அணிவதற்காகக் காது மடலில் வரிசையாகத் துளையிட்டனர். எத்தனை தலைமுறை குத்தினாலும் பேத்தி துளையில்லாத காதோடுதான் பிறந்தாள். இதை அறியாத பெண்மணி நம்மிடையே இல்லை.

வியப்பு யாதெனில், இதே வினாவை டார்வினும் எழுப்பியிருந்தார் என்பதுதான். 1868-இல் வெளியிட்ட நூலில், கத்னாவினால் பரம்பரையில் எவ்வித மாற்றமும் விளையவில்லை என்று யூத மருத்துவர் மூவர் தமக்கு உறுதி கூறியதாக அவர் எழுதியுள்ளார். ஆனால் அதற்கான காரணம் அவருக்குத் தெரியவில்லை. உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்துகள்கள் திரண்டு சந்ததிக்குச் செல்கின்றன என்று அதே நூலில் அவர் ஓர் ஊகம் கூறினார். அவ்வூகம் பின்னர் தவறென்று தள்ளப்பட்டது. ஆக, ஹைதராபாத்தில் வினவியவரிடமும் விடையில்லை. இங்கிலாந்தில் வினவப்பட்டவரிடமும் விடையில்லை. இருவரிடமும் இல்லாத ஒன்று மரபியல்.

சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஆகஸ்ட் வைஸ்மன் என்னும் அறிஞர் இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தினார். எலிகளின் வாலை வெட்டி, அவற்றை இனம் பெருக்கச் செய்து, ஐந்து தலைமுறைகளில் பிறந்த 901 குட்டிகளை ஆராய்ந்தார். வாலில்லாமலோ, குறைவாலோடோ ஒரு குட்டியும் பிறக்கவில்லை. பெற்றோர் உடலில் செய்யப்படும் மாற்றம் சந்ததிக்குச் செல்வதில்லை என்று 1880-களின் இறுதியில் அவர் வாதிட்டார். ஆப்கானி அவர்களின் வினா சரியான வினாவே. அது பிழையான முகவரிக்கு அனுப்பப்பட்டது, அவ்வளவுதான்.

பள்ளி ஆசிரியர் ஒருவரின் தோட்டம்

இவ்வளவு வாதங்களும் நடைபெற்றுக் கொண்டிருந்த காலத்தில், விடையின் பெரும்பகுதி முன்னரே அச்சாகி, படிப்பாரின்றிக் கிடந்தது. அதனை எழுதியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகரத்துக் கிறிஸ்தவத் துறவி மடத்தைச் சேர்ந்தவர். அந்நகரப் பள்ளியில் பல்லாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர். இருமுறை முயன்றும் ஆசிரியர்க்குரிய சான்றிதழ் அவருக்குக் கிட்டவில்லை என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1856 முதல் 1863 வரை அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துச் சோதித்தார். உருண்டை விதை தரும் செடியையும் சுருங்கிய விதை தரும் செடியையும் இணைத்தார். பிறந்த விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் மறைந்தே போயிற்று. அவ்விதைகளை விதைத்து, அச்செடிகள் தம் மகரந்தத்தாலேயே கருவுற்று மீண்டும் விதை தரச் செய்தார். மறைந்த சுருக்கம் திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தார்: உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மஞ்சள் விதையையும் பச்சை விதையையும் கொண்டு செய்த சோதனையில் 6,022-க்கு 2,001. அங்கும் மூன்றுக்கு ஒன்றே.

இதிலிருந்து அவர் கண்ட முடிவு எளியது. ஒவ்வொரு பண்பிற்கும் ஒவ்வோர் உயிரிலும் இரண்டு காரணிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தந்தை வழியும் மற்றொன்று தாய் வழியும் வந்தவை. ஓங்கிய காரணி உடனிருக்கும்போது ஒடுங்கிய காரணி வெளியே தெரியாது, ஆனால் அழிந்துவிடுவதில்லை. பாலில் கலந்த நீர்போல் அது கரைந்து போவதில்லை. பையில் இட்ட மணிபோல் தனித்தே இருக்கிறது. வாய்ப்புக் கிட்டும் தலைமுறையில் மீண்டும் வெளிப்படுகிறது.

1865-இல் இருமுறை இதுபற்றி உரையாற்றினார். 1866-இல் கட்டுரை அச்சாயிற்று. டார்வினுடைய நூலின் ஜெர்மன் பெயர்ப்பை மெண்டல் படித்திருந்தார். மெண்டலின் கட்டுரையோ டார்வினை எட்டவில்லை. 1882-இல் டார்வினும் 1884-இல் மெண்டலும் மறைந்தனர். 1900-இல்தான் மூன்று தாவரவியல் அறிஞர்கள் தனித்தனியே அதே முடிவை அடைந்து, மெண்டலின் பெயரை உலகுக்கு உணர்த்தினர்.

ஒட்டகத்தின் நிறம்

மறைந்த பண்பு மீண்டும் வெளிப்படுவது பற்றிப் பேசும்போது, நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. நாட்டுப்புற அரபியர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றெடுத்ததைக் கூறினார். அவருடைய சொல்லில் ஐயம் தொனித்தது. அவரிடம் ஒட்டகங்கள் உண்டா என்றும், அவற்றின் நிறம் என்ன என்றும் நபியவர்கள் வினவினார்கள். சிவப்பு என்றார் அவர். அவற்றிடையே சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபொழுது, ஏதேனும் முன்னோர் வழி வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனிடத்தும் அவ்வாறே இருக்கலாம் என்பது நபியவர்களின் விடையின் கருத்து. அங்கே ஆளப்பட்ட 'இர்க்' என்னும் சொல்லுக்கு வேர், நரம்பு என்றெல்லாம் பொருளுண்டு.

இதனைக் காட்டி, மெண்டலின் விதி அன்றே கூறப்பட்டுவிட்டது என்று முழங்குவது முறையன்று. அங்கே நடைபெற்றது தாவரவியல் வகுப்பன்று. ஒரு பெண்ணின் மானம் காக்கப்பட்டது. ஐயத்தை ஆதாரமாகக் கொள்ளாதே என்னும் நெறி நிறுவப்பட்டது. ஆனால் அந்நெறியைப் புகட்டக் கையாளப்பட்ட முறை, கேட்பவர் தம் தொழிலில் நாள்தோறும் கண்ட உண்மையிலிருந்து தொடங்கிய முறையாகும். ஒட்டகம் மேய்ப்பவருக்கு ஒட்டகம். பள்ளி மாணவனுக்குப் பட்டாணி. ஆசிரியர்க்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி ஏது?

நூலுக்கு முன் வந்த மறுப்பு

இனி அரபுலகிற்குத் திரும்புவோம். டார்வின் பற்றிய முதற் பெருங்கலகம் அங்கே எழுந்த இடம் பள்ளிவாசலுமன்று, மதரஸாவுமன்று. பெய்ரூத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய சிரிய புரொட்டஸ்டண்ட் கல்லூரியில்தான் அது எழுந்தது. 1882-இல் எட்வின் லூயிஸ் என்னும் பேராசிரியர் பட்டமளிப்பு நாள் உரையில் டார்வினைப் போற்றிப் பேசினார். நிருவாகம் சினந்தது, அவர் பதவி விலக நேர்ந்தது, மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கலகத்தைத் தொடர்ந்து 'அல்-முக்ததஃப்' என்னும் புகழ்பெற்ற அரபு அறிவியல் இதழும் அதன் ஆசிரியர்களும் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தனர். இவ்வச்சம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

1884-இல் ஷிப்லீ ஷுமைய்யில் என்பவர் ஒரு நூலை அரபியில் பெயர்த்தார். அது டார்வின் எழுதியதன்று. டார்வினைப் பற்றி லுட்விக் பூஷ்னர் என்னும் ஜெர்மானியப் பொருள்முதல்வாதி ஆற்றிய விளக்கம். உயிரினங்களைப் பற்றிய ஆய்வும் இறைமறுப்புத் தத்துவமும் ஒன்றாய்ப் பிசைந்து கொடுக்கப்பட்டன. அரபு வாசகர் அவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணியதில் வியப்பில்லை.

டார்வினின் மூல நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1859-இல். இஸ்மாயீல் மழ்ஹர் என்பார் அதன் முதல் ஐந்து அத்தியாயங்களை எகிப்தில் அரபியில் வெளியிட்டது 1918-இல். ஆப்கானி அவர்களின் மறுப்பு அரபியில் வந்தது 1886-இல் அன்றோ? அஃதாவது, மறுக்கப்பட்ட நூல் அரபு வாசகரைச் சென்றடைவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்பே மறுப்பு சென்றடைந்துவிட்டது. ஒரு கலையின் குறையைக் காண விரும்புவோன், முதலில் அக்கலையில் மிக வல்லாருக்கு நிகராக அதனைக் கற்றறிதல் வேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் வற்புறுத்திய கருத்து. அந்நெறி இவ்விடயத்தில் பின்பற்றப்படவில்லை என்பதை வருத்தத்துடன் கூறவேண்டியுள்ளது.

எல்லாரும் அவ்வாறிருந்தனர் என்பதற்கில்லை. லெபனானின் திரிப்போலி நகரத்து ஆலிம் ஷைகு ஹுஸைன் அல்-ஜிஸ்ர் அவர்கள் 1888-இல் 'அர்-ரிஸாலத்துல் ஹமீதிய்யா' என்னும் நூலை இயற்றினார்கள். பரிணாமக் கருத்து இன்னும் ஊக நிலையிலேயே உள்ளது. ஆகவே அதனை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அவர்கள் முடிபு. ஆனால் அவ்வளவில் நிற்கவில்லை. நாளை அது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுமாயின், வசனங்களை அதற்கேற்ப விளங்கிக்கொள்ள வழியுண்டு. உயிர்களை அவ்வழியில் படைத்தவனும் இறைவனே என்று கொள்வதில் ஈமானுக்கு இழுக்கில்லை என்றும் எழுதினார்கள். கதவை அடைக்கவுமில்லை, திறந்து போட்டுவிட்டு ஓடவுமில்லை. ஆதாரத்தின் எடைக்கேற்ப நிற்பதே அவர்கள் காட்டிய வழி.

சொல்லில் உள்ள இடர்

மொழிபெயர்ப்பில் நேர்ந்த மற்றோர் இடரையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். இயற்கைத் தேர்வை அரபியர் 'அல்-இந்திகாபுத் தபீஈ' என்றனர். இந்திகாப் என்றால் தெரிந்தெடுத்தல். இன்று அரபியிலும் உர்துவிலும் வாக்களிக்கும் தேர்தலுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. தமிழிலோ 'தேர்வு' என்றால் மாணவனுக்கு நினைவு வருவது ஆண்டிறுதித் தேர்வு. தெரிந்தெடுத்தல் என்றால் தெரிந்தெடுப்பவர் ஒருவர் வேண்டுமன்றோ? "இயற்கை என்பவர் யார்? இறைவனுக்குப் போட்டியா?" என்று பிள்ளை கேட்டால் குற்றம் பிள்ளையுடையதன்று; சொல்லினுடையது. இங்கிலாந்திலேயே இக்குழப்பம் எழுந்தது. 1866-இல் வாலஸ் என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டி, வேறு தொடரை ஆளும்படி டார்வினுக்கு மடல் எழுதினார்.

எனவே ஆசிரியர் முதலிலேயே விளக்கிவிட வேண்டும்: இங்கே எவரும் அமர்ந்து தெரிந்தெடுப்பதில்லை. பிறந்தவற்றுள் எவை பிழைத்தன, எவை மிகுதியாகக் குஞ்சும் குட்டியும் ஈன்றன என்னும் கணக்கிற்கே அப்பெயர். மழை பொழியும் முறையை வகுப்பில் கற்ற பின்னும் மழையை இறைவனின் அருள் என்றே நாம் கூறுகிறோம். நிகழும் முறையை அறிவதால் நிகழ்த்துபவனை மறுத்ததாகாது.

பெருமையிலும் நேர்மை வேண்டும்

"நம்மவர் முன்னரே கூறியதுதான்" என்னும் இரண்டாங் குரலுக்கும் மறுமொழி கூறவேண்டும். பஸராவின் பேரறிஞர் அல்-ஜாஹிழ் ஹிஜ்ரி 255-இல் மறைந்தார். அவருடைய 'கிதாபுல் ஹயவான்' விலங்குகள் பற்றிய ஏழு பாகப் பெருநூல். ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வாழ்வதையும், வாழிடம் உயிர்களின் நிறத்தை மாற்றும் என்பதையும் அதில் எடுத்துரைக்கிறார். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தாவரங்கள், விலங்குகள், மனிதன் என்று படைப்புகள் படிப்படியாக ஒன்றையொன்று தொட்டு நிற்பதை வருணிக்கிறார். இவை போற்றற்குரிய நுண்ணோக்குகள். ஆயினும் இயற்கைத் தேர்வு என்னும் கோட்பாடு இவற்றில் இல்லை. பரம்பரை விதியும் இல்லை. முன்னோருக்கு உரியதை முன்னோருக்குக் கொடுப்போம்; உரியதல்லாததை ஏற்றிக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. அந்நூல்களைப் பிள்ளைகள் பிற்காலத்தில் தாமே திறந்து பார்க்கக் கூடும் என்பதை மறவாதிருப்போம்.

வகுப்பறையில் வரிசை

இனி, வரலாறு உணர்த்தும் வரிசையை வகுப்பறையில் எவ்வாறு அமைப்பது?

முதற்பாடம், எது பரம்பரையில் செல்லும், எது செல்லாது என்பது. கத்னா, காது குத்துதல், எலிவால் ஆகிய மூன்று சான்றுகள் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதனை ஒருமுறை கேட்டால் மறவாது.

இரண்டாவது, பட்டாணிக் கணக்கு. இரண்டு பைகளில் சிவப்பு மணி இருபதும் வெள்ளை மணி இருபதுமாக இடுக. பைக்கு ஒன்றாக இரண்டு மணிகளைக் கண்ணை மூடி எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்ப இடுக. நூறுமுறை எடுத்தால் சிவப்பு கலந்த இணைகள் எழுபத்தைந்தை ஒட்டியும், இரண்டும் வெள்ளையான இணைகள் இருபத்தைந்தை ஒட்டியும் வரும். மெண்டலின் மூன்றுக்கு ஒன்று இங்கே பிள்ளையின் கையாலேயே பிறக்கிறது.

மூன்றாவதாகத்தான் இயற்கைத் தேர்வு வருதல் வேண்டும். அதற்குத் தொலைதூரச் சான்று தேவையில்லை, கொசு போதும். மலேரியாவை ஒழிக்க இந்திய அரசு 1953-இல் நாடு முழுவதும் டி.டி.டி. மருந்து தெளிக்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடிப் பேரைப் பற்றிய நோய், 1965-ஐ ஒட்டி ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆனால் 1976-இல் அறுபத்து நான்கு லட்சத்திற்கு மேல் ஏறிவிட்டது. மருந்துப் பற்றாக்குறை முதலிய காரணங்களோடு, மருந்தைத் தாங்கும் கொசுக்கள் பெருகியதும் ஒரு காரணம்.

"கொசு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் பேச்சில் கூறுகிறோம். இதுவே பிழை. எந்தக் கொசுவும் பழகவில்லை. கோடிக்கணக்கான கொசுக்களில் ஒருசில, பிறப்பிலேயே மருந்தைத் தாங்கும் காரணியைப் பெற்றிருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது, அச்சில பிழைத்தன. பிழைத்தவை ஈன்ற குஞ்சுகளுக்கு அக்காரணி சென்றது. இதுவே இயற்கைத் தேர்வு. முதற்பாடத்தைக் கற்ற பிள்ளை இதனை உடனே பற்றிக்கொள்ளும். கல்லாத பிள்ளை, எலிவாலை வெட்டினால் வாலில்லா எலி பிறக்கும் என்பதையே வேறு சொற்களில் நம்பிக்கொண்டிருக்கும். கொசு யானையாவதில்லை. ஆனால் மருந்தைத் தாங்காத கொசுக்களின் இடத்தைத் தாங்கும் கொசுக்கள் பிடித்துவிடுவதை இருபத்தைந்தே ஆண்டுகளில் நம் நாடு கண்டது.

நிக்காஹ்வரை வரும் கணக்கு

"பட்டாணியின் சுருக்கத்தால் நமக்கு ஆவதென்ன?" என்று பெற்றோர் வினவலாம். அதே கணக்கு நம் இல்லங்களிலும் நடைபெறுகிறது.

அரிவாள் வடிவில் இரத்த அணுக்கள் வளைந்துவிடும் இரத்தசோகை நோய் ஒன்றுண்டு. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் நோய்க் காரணியைப் பெற்ற பிள்ளைக்கு அந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமுடன் இருப்பார். மலேரியாவின் கொடுமையிலிருந்து அவருக்கு ஒருவகைக் காப்பும் உண்டு. இதனை 1954-இல் ஆந்தனி அல்லிசன் என்னும் மருத்துவர் ஆப்பிரிக்காவில் நிறுவினார். மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் இக்காரணி ஏன் நிலைத்தது என்பதற்கு அதுவே விடை. மனிதரிடத்தே இயற்கைத் தேர்வு நடைபெற்றதற்குத் தெளிந்த சான்றும் ஆகும். இந்தியாவில் இக்காரணி முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். அரேபியாவில் அல்-அஹ்ஸா, அல்-கதீஃப் பேரீச்சஞ் சோலைப் பகுதிகளிலும் அது உள்ளது.

தலசீமியா என்னும் இரத்த நோயும் இவ்விதிப்படியே வருகிறது. கணவன், மனைவி இருவரும் நோயின்றிக் காரணியை மட்டும் சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளை நோயுற வாய்ப்புண்டு. நான்கில் இரு பங்கு பெற்றோரைப் போலவே காரணியைச் சுமக்கும். நான்கில் ஒரு பங்கு காரணியே இல்லாதிருக்கும். "முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று சிலர் எண்ணுவர். அவ்வாறன்று, ஒவ்வொரு முறையும் பையில் புதிதாகக் கை விடுகிறோம்.

உடன்பிறந்தாரின் மக்கள் தம்முள் மணந்துகொள்வது நம் குடும்பங்களில் வழக்கமாயுள்ளது. மார்க்கம் அதனை அனுமதித்துள்ளது, கட்டளையிடவில்லை. அத்தகைய உறவினர் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பொதுவாகப் பெற்றிருப்பர். அம்மணம் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் குடும்பத்தில் மறைந்திருக்கும் ஒரே காரணி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பை மிகுவிக்கிறது. இதனை உணர்ந்தே ஈரான் 1997-இல் தலசீமியாவுக்கும், சவூதி அரேபியா 2004-இல் இவ்விரு நோய்களுக்கும் மணமக்கள் நிக்காஹ்வுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதைக் கட்டாயமாக்கின. சவூதியில் பரிசோதனை முடிவு மணத்தைத் தடை செய்யவில்லை. அறிந்து முடிவு செய்யுங்கள் என்று இரு குடும்பத்தார்க்கும் உணர்த்தியது. ஏழாம் வகுப்பில் பட்டாணியை ஒழுங்காகக் கற்ற பெண், இருபது வயதில் இப்பரிசோதனையின் பொருளைத் தானே விளங்கிக் கொள்வாள். குறையுள்ள குழந்தை பிறந்தால் பழியைத் தாயின்மீது மட்டும் சுமத்தும் கொடுமையையும் அவள் துணிந்து மறுப்பாள். காரணி இருவரிடமிருந்தும் வந்ததன்றோ!

அஞ்சுவதற்கு என்ன உள்ளது?

மனிதன் தோன்றிய வரலாறு குறித்த வினா எஞ்சியுள்ளது. அதனை ஒளிக்க வேண்டியதில்லை. அறிவியல் மனிதனையும் உயிரினத் தொடரில் வைத்தே பேசுகிறது. இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான் என்று அது கூறுவதில்லை, இரண்டிற்கும் பொதுவான முன்னோர் இருந்ததாகவே கூறுகிறது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பைத் தனிப்பெரும் நிகழ்ச்சியாகக் கொண்டு, ஏனைய உயிர்களின் பரிணாமத்தை ஏற்கும் ஆலிம்கள் உள்ளனர். வசனங்களை மேலும் விரித்து விளங்கிக் கொள்வோரும் உள்ளனர். முழுமையாக மறுப்போரும் உள்ளனர். அறிவியல் ஆசிரியர் வகுப்பறையில் ஃபத்வா வழங்க வேண்டியதில்லை. அறிவியல் கூறுவதை உள்ளது உள்ளபடி கற்பித்தால் போதும். மார்க்க வினாவை மார்க்கம் கற்றவரிடம் பிள்ளை கொண்டுசெல்லட்டும். அவரும் பாடத்தை அறிந்தவராய் இருந்து விடை கூறட்டும்.

பாடத்தை நீக்குவது எளிது. துருக்கி 2017-இல் தன் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை விலக்கியது. நம் நாட்டிலும் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த அத்தியாயம் 'மரபு' என்று சுருங்கியதும், 2023-இல் 1,800-க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் அதனை எதிர்த்து மடல் எழுதியதும் நாம் அறிந்தவையே. பாடம் நீங்கினாலும் வினா நீங்குவதில்லை. வகுப்பறையில் விடை கிட்டாத பிள்ளை தெருவில் விடை தேடும். 1884-இல் அரபு வாசகருக்கு நேர்ந்ததுபோல், அறிவியலும் இறைமறுப்பும் ஒன்றாய்ப் பிசைந்த உருண்டை அதன் கையில் கிட்டும். அதனை விழுங்கவும் இயலாமல் உமிழவும் இயலாமல் அது தவிக்கும்.

ஹைதராபாத்தில் எழுந்த வினாவுக்கு விடை கிடைப்பதற்குள் ஒரு தலைமுறை கழிந்தது. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. விடை இன்று ஒரு பிடி பட்டாணியில் உள்ளது. இரண்டு பை மணிகளில் உள்ளது. பிள்ளை வினவும்போது வாயை மூடாமல், முதலில் பட்டாணியை எடுத்துக் கையில் கொடுப்போம். எஞ்சியதை அல்லாஹ் அளித்த அறிவைக் கொண்டு அது தானே எண்ணிக் கொள்ளும்.